தவளை வண்டியின் பெல்ட்

காயலோர ரிசார்ட்டில் நின்ற அந்த ஆறு சக்கர வண்டிக்கு வீராம்பட்டினத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் தவளை. மணலில் ஓடும், சேற்றில் ஓடும், தண்ணீரில் இறக்கினால் சக்கரங்களே துடுப்பாகி மிதந்து போகும். அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் காத்தவராயன் வேலை. அதனால், அந்த ஞாயிற்றுக்கிழமை தான் செய்த காரியம் என்னவென்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அன்று மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தான். மேனேஜர் ஊரில் இல்லை. அத்தனை பேரையும் அடைத்து ஏற்றிக்கொண்டு, லோ கியரில் ஏற வேண்டிய மணல்மேட்டை, மச்சான் கைதட்டுகிறானே என்று ஹை கியரிலேயே முறுக்கி ஏறினான். பாதி மேட்டில் ரப்பர் கருகும் நாற்றம். எல்லோரும் போன பிறகு மூடியைத் திறந்து பார்த்தான். இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெல்ட் ஒரு பக்கம் தேய்ந்து மினுமினுத்தது. ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. ஷெட்டில் புது பெல்ட் கிடந்தது. மாற்றினால், எப்படிப் போச்சு என்று மேனேஜர் கேட்பார். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று மூடியைப் போட்டுவிட்டான்.

மறுநாள் புயல் வந்துவிட்டது. நெல்லித்தோப்பை ஒட்டிய தாழ்வான தெருக்களில் கழுத்தளவு தண்ணீர் என்றார்கள். மீட்பு வேலைக்கு வண்டி கேட்டு ஆள் வந்தது. அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் ரிசார்ட் படகோட்டி முத்துவேல். சந்துபொந்தெல்லாம் தெரியும் என்பதால் அவரே ஓட்டுவதென்று முடிவானது.

வண்டியை லாரியில் ஏற்றும்போது முத்துவேல் கேட்டார்: "வண்டி எப்பிடிடா இருக்கு?"

காலையில்தான் ஊர் திரும்பியிருந்த மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். காத்தவராயன் வாயைத் திறந்தான். "நல்லா இருக்குண்ணா. கொஞ்சம் மெதுவா மட்டும் போங்க."

லாரி திருப்பத்தில் மறையும்வரை அவன் மழையிலேயே நின்றான். ஓடினால்கூடப் பிடித்திருக்கலாம். ஓடவில்லை.

மதியத்துக்கு முன்பே போன் வந்தது. "பெல்ட் அறுந்துபோச்சுடா," என்றார் முத்துவேல். இரைச்சலுக்கு நடுவே அவருக்கு மூச்சு வாங்கியது. "டயாலிசிஸ் பண்ற பெரியவரு வண்டில இருக்காரு. போன தரமே தவறிப்போச்சாம், இன்னிக்கும் போவ முடியல. தண்ணி வாய்க்கா பக்கமா இழுக்குது. சீக்கிரம் எடுத்துட்டு வா."

பெல்ட்டையும் ஸ்பேனரையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு டிராக்டரில் போனான். டிராக்டர் நின்ற இடத்திலிருந்து பையைத் தலையில் வைத்து மார்பளவு தண்ணீரில் நடந்தான். தெருமுனையில் தவளை மிதந்துகொண்டிருந்தது. அதைக் கட்டிய கயிற்றை ஒரு வீட்டு கேட்டில் சுற்றி, மறுமுனையை முத்துவேல் கையில் பிடித்திருந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கயிற்றில் இறங்கியிருந்தது.

வண்டிக்குள் இராமதாஸ் என்ற அந்தப் பெரியவர் கால்கள் வீங்கி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். அவர் மனைவி தில்லையம்மாள் அவனைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி மாதிரி வந்தப்பா."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டிக்குள் ஏறி மூடியைத் திறந்தான். அவள் எழுந்து, கேட்காமலே, இன்ஜினுக்கு மேல் குடை பிடித்தாள். அவள் புருஷன் தலையில் மழை கொட்டியது.

"அவருக்குப் பிடிங்கம்மா."

"அவரு நனைஞ்சா பரவால்ல. இதுல தண்ணி படக்கூடாது இல்ல?"

தெறித்துக் கிடந்த பெல்ட்டின் நூல், அது ஓடும் புல்லிச் சக்கரத்தைச் சுற்றிப் பேயாய்ப் பின்னியிருந்தது. கத்தியால் அறுத்துப் பிடுங்கினான். சட்டையைக் கழற்றி உள்பக்கத்தால் புல்லிகளைத் துடைத்தான். பின்புல்லியின் இரண்டு தட்டுகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு புது பெல்ட்டை நுழைக்க வேண்டும். ஷெட்டில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. இன்று விரல் நழுவியது, திரும்பவும் நழுவியது. பக்கத்தில் பெரியவரின் மூச்சு விட்டு விட்டு இழுத்தது. கடைசியில் பெல்ட் பள்ளத்தில் உட்கார்ந்தது. பெல்ட் மேலிருந்த அம்புக்குறி சுழலும் பக்கம் காட்டுகிறதா என்று பார்த்தான். சாவியைத் திருப்பினான். சக்கரங்கள் தண்ணீரை அளைந்தன.

லோ கியரில் அவனே ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் பெரியவரை நேரே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதை அவனும் கேட்டான். முத்துவேல் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, அந்த பெல்ட் போறாப்பல இருந்தது எனக்கு முன்னாலயே தெரியும்."

முத்துவேல் கைக்கட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "என்னைத் தண்ணில எறக்கிவிட்டியே, அதுகூடப் போவுது. எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? அந்தம்மாகிட்ட சொல்லு."

தில்லையம்மாள் ஈரப்புடவையோடு கதவோரம் நின்றிருந்தாள். அவன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொன்னான். எதையும் மழுப்பவில்லை.

"தெரிஞ்சேவா அனுப்புன?" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தான். திரும்பாமலே சொன்னாள்: "இங்க நிக்காத. அங்க இன்னும் சனங்க மொட்டை மாடில நிக்குது."

அன்று வெளிச்சம் போகும்வரை அவன் அந்தத் தெருக்களில் ஓட்டினான். கட்டுப்போட்ட கையோடு முத்துவேல் பக்கத்தில் உட்கார்ந்து, "இடது பக்கம்", "நிறுத்து" என்று வழி மட்டும் சொன்னார். இராமதாஸ் பிழைத்து வீடு திரும்பிய செய்தியை மேனேஜர்தான் பிறகு சொன்னார். அதற்குள் மேனேஜரிடமும் நடந்ததைச் சொல்லியிருந்தான்.

பெரியவரைப் பார்க்கப் போகவேண்டும் என்று அவன் பல நாள் நினைத்தான். ஒருமுறை தெருமுனைவரை போனான். வாசலில் தில்லையம்மாள் துணி காயவைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள், வா என்று கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அவன் தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டான்.