ஒரே அறைக்கு இரண்டு வழி

பஸ் புக்கிங் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராக ஆட்களை அனுப்பி வைக்கிறவர் அவர். எந்த ஊருக்கு எங்கே இறங்கி மாற வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் இரண்டு சக்கர வண்டி எதைப் பார்த்தாலும் நாலடி ஒதுங்கித்தான் நடப்பார். சைக்கிள்கூடப் பழகியதில்லை. கேட்டால், "நாலு சக்கரம் இருந்தாத்தான் எனக்கு நம்பிக்கை" என்று சிரித்து மழுப்புவார்.

அப்படிப்பட்டவரின் மனைவி மோட்டார் சைக்கிள் வாங்கினாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. குழந்தை சிணுங்குவதற்குள் ஊசியைப் போட்டு எடுத்துவிடுகிற கை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. ஒரு நாள் யாரோ ஓட்டிக் கழித்த கனமான வண்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். தலையில் நரை, கையில் சாவி. அவர் மறுப்புச் சொல்லவில்லை. தினமும் அவள் கிளம்புமுன் டயரை மட்டும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில பைக் ரேலி நடக்குதாங்க. போகலாம்னு இருக்கேன். இதுவரைக்கும் எதுக்கும் போனதில்ல."

"ரூம், வழி, எல்லாத்தையும் என்கிட்ட விட்டுடு" என்று அவர் முந்திக்கொண்டார். இந்த விஷயத்தில் தனக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தார். ஏரிக்கரை லாட்ஜுகள் எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: ரேலிக்காரர்கள் எப்போதோ வளைத்துப் போட்டுவிட்டார்கள். கடைசியில் ஊர் எல்லையில் ஒரு சின்ன லாட்ஜ் கிடைத்தது. அதை நடத்துகிற அம்மா பொறுமையாகத்தான் பேசினாள். இவர்தான் விடவில்லை.

"கேட்டுக்குப் பூட்டு உண்டாம்மா? வண்டி நிக்கற இடத்துல கூரை இருக்கா? சுடுதண்ணி எந்நேரமும் வருமா? படி செங்குத்தா இருக்குமா?"

"சார், நீங்க ரூம் போடறீங்களா, பொண்ணைக் கட்டிக் குடுக்கறீங்களா?"

"பொண்ணு இல்லம்மா, பொண்டாட்டி. பைக்ல வரா."

"அடி சக்கை! நல்ல ரூமாவே தரேன், வரச் சொல்லுங்க. ஒருத்தரா, ரெண்டு பேரா?"

'போகலாம்னு இருக்கேன்' என்றாளே தவிர, 'வாங்க' என்று மனைவி சொல்லவில்லை.

"ஒருத்தர்தாம்மா."

சாயந்திரம் அதைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது. "சரிங்க" என்றுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின. அவர் வாசற்படியில் நின்றுகொண்டு, "ஊருக்குக் கொஞ்சம் தள்ளிதான். ஏரி தெரியற ரூமா கேட்டுப் பாக்கவா?" என்றார்.

"அதில்லங்க." குழாயை மூடினாள். "ஒருத்தர்னு சொல்லிட்டீங்களே."

"நீ என்னைக் கூப்பிடலையேம்மா."

"எப்படிக் கூப்பிடறது? கூப்பிட்டா மறுபேச்சு பேசாம பின்னாடி ஏறி உக்காருவீங்க. கண்ணை இறுக்கி மூடிக்குவீங்க. வழி பூரா உங்க நெஞ்சு அடிக்கறது என் முதுகுக்குக் கேக்கும். எனக்காக நீங்க அந்தப் பாடு படணுமா?"

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். "தனியா போகத்தான் உனக்கு ஆசைன்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக.

"ஓட்டறது தனியா ஓட்டத்தாங்க ஆசை" என்று ஒளிக்காமல் சொன்னாள். "ஆனா போய் இறங்கினதும் யார்கிட்ட பேசறது? அதுக்கு நீங்க வேணும்."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு அவருக்குள் இருந்த கவுன்டர்காரர் விழித்துக்கொண்டார்.

"அந்த ஊருக்குக் காலையில ஒரு பஸ் போகுது. நீ வண்டியில போ, நான் அதுல வரேன். ராத்திரிக்கு ஒரே ரூம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பைக் ரேலிக்கு பஸ்ல வர்ற ஆள் நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க."

அன்றைக்குச் சமையல் தாமதமானது. பஸ் டீக்கு நிற்கிற இடத்திலேயே அவளும் நிற்பது என்று முடிவாயிற்று. மூட்டை முடிச்செல்லாம் அவரோடு. "வளைவுல பஸ்காரன் அகலமா எடுப்பான், பின்னாடி ஒட்டிப் போகாதே" என்றார் அவர். "நீங்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாம வாங்க" என்றாள் அவள்.

லாட்ஜ் அம்மாவுக்கு மறுபடி போன் போட்டார். பெரிய அறை இல்லை, அதே அறையில் ஒரு மெத்தை போட்டுத் தருகிறேன் என்றாள். "நீங்க பஸ்ல, அவங்க பைக்லயா? சண்டை கிண்டை ஒண்ணும் இல்லையே சார்?"

"சண்டை வராம இருக்கத்தாம்மா இந்த ஏற்பாடு."

அந்த நாளும் வந்தது. விடியும்போதே அவள் கிளம்பிப் போனாள். டீக்கடையில் பஸ் நின்றபோது அவர் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார். அவளையும் காணோம், வண்டியையும் காணோம். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் கூப்பிட்டு ஏற்றவேண்டியிருந்தது.

மலை ஏறியதும் ஒரு வளைவில் கண்ணாடி வழியாகப் பார்த்தார். முன்னால் அவளுடைய சிவப்பு ஜாக்கெட். வாசலை விட்டுக் கிளம்புகிற அவளைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார். ஓட்டிப் போகிற அவளைப் பார்த்ததில்லை. வளைவு வந்தால் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல வண்டியோடு சாய்ந்தாள், நிமிர்ந்தாள். எந்த அவசரமும் இல்லை. பார்க்கப் பார்க்க அவருக்கு மூச்சு சீரானது.

தட்டுத் தடுமாறி டிரைவரிடம் போனார். "அண்ணே, முன்னாடி போறது என் வீட்டுக்காரம்மா. ஒரு ஹாரன் அடிங்களேன். மெதுவா."

டிரைவர் அடித்தார். அவள் திரும்பியே பார்க்காமல், முந்திப் போ என்று இடது கையை வீசினாள். பஸ்ஸே சிரித்தது. "சார், உங்களைப் போகச் சொல்லிட்டாங்க!" என்றது ஒரு குரல்.

பஸ் ஒதுங்கிக் கடந்தபோது ஜன்னலில் கையை வைத்தார். அவள் அப்போதுதான் அவரைப் பார்த்தாள். பிறகு அவள் அடித்த ஹாரன் அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது.

லாட்ஜுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவளும் முகமெல்லாம் புழுதியோடு வந்து நின்றாள்.

"டீக்கடையில நிக்க மனசே வரலீங்க, ரோடு அப்படி இருந்துச்சு. அப்புறம் மேல ஏறினதும் ஏரி தெரிஞ்சுது, அங்கே நின்னுட்டேன். கோவமா?"

"டீ நல்லாவே இல்ல" என்றார். "நீ நிக்காததே நல்லதாப் போச்சு."

அறைக்குள் போனதும் அவள் பேசினாள். லாரிக்குப் பின்னால் மாட்டியது, பெட்ரோல் பங்கில் ஒருவன் அவள் பின்னால் புருஷனைத் தேடியது, எல்லாம். நடு வாக்கியத்தில் தூங்கிப்போனாள். வெயில் அவள் முகத்தில் விழாமல் திரையை இழுத்துவிட்டு அவர் கீழே இறங்கினார். கூரையடியில் வரிசையாக வண்டிகள் நின்றன. லாட்ஜ் அம்மா துடைப்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல உங்க வண்டி எது சார்?"

அவர் வரிசையின் ஓரத்துக்கு நடந்துபோய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இதாம்மா" என்றார், "எங்க வண்டி."