ரோசி வீட்டுக் கடல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு சித்திரையில், ராயபுரத்தில் ரோசியின் வீட்டுக்குள் மட்டும் கடல் வந்து தங்கியது. கரைக்கும் வீட்டுக்கும் நடுவே நாலைந்து தெருக்களும் ரயில் பாதையும் இருந்தன. அவையெல்லாம் காய்ந்தே கிடந்தன. புருஷன் அம்புரோஸ் கரி அள்ளிப்போட்டுக்கொண்டிருந்த சரக்குக் கப்பல் யுத்தத்தில் குண்டுபட்டு முழுகியதாகச் சேதி வந்த மத்தியானம், அடுப்படிப் பக்கமாக ஊறத் தொடங்கிய தண்ணீர் விளக்கு வைப்பதற்குள் முழங்காலைத் தொட்டது. கார்ப்பரேஷன் ஆட்கள் இறைத்துப் பார்த்தார்கள். இறைத்த அளவு ஊறியது. பங்குச் சாமியார் தெளித்த தீர்த்தமும் உப்பாகிப்போனது. ரோசி கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றினாள், அடுப்புக்கு மேடை கட்டினாள், மகன் லியோனார்டை அந்தத் தண்ணீரிலேயே வளர்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மீன் கழுவ அங்கே வந்துபோனார்கள். சில நாள் கிழங்கான் மீன் குஞ்சுகள் காலைச் சுற்றும்.

பத்து வருஷம் கழித்து சங்கரநாராயணன் என்ற அதிகாரி வந்தார். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கரையோரத்துப் பிள்ளைகளுக்குக் கப்பல் வேலைப் பயிற்சி வகுப்பு நடத்த முடியுமா, நடத்தினால் வீட்டில் அனுப்புவார்களா என்று விசாரித்து அரசாங்கத்துக்குச் சொல்வது அவர் பொறுப்பு. போன வீட்டிலெல்லாம் ஒரே பதில்தான்: ரோசி தன் மகனை அனுப்பினால் நாங்களும் அனுப்புகிறோம். ஆகவே அவர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, கால்சட்டையை மடித்துவிட்டு, ரோசியின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திருவொற்றியூரிலேயே அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னா சார் கத்துக்குடுப்பீங்க?" என்றாள் ரோசி.

முடிச்சுப் போடுவது, திசை பார்ப்பது, தீயணைப்பது என்று சொல்லிக்கொண்டே போனார்.

"உயிர் தப்புற படகு இருக்குதே, அத்த எறக்கறது?"

"அதுவும் உண்டும்மா."

"எங்க வூட்டுக்காரரு கப்பல்ல அது ஒரு பக்கமாத் தொங்கிக்கினு இருந்துச்சாம். கயித்த சரியா வுட ஒருத்தனுக்கும் தெரியலியாம். தப்பிச்சு வந்தவங்க சொன்னாங்க." தண்ணீரில் பட்ட முந்தானையை எடுத்துச் செருகினாள். "லியோனார்ட இட்டுகினு போங்க."

சாத்தியமே என்று சங்கரநாராயணன் அரசாங்கத்துக்கு எழுதினார். மறு வருஷம் வகுப்பு தொடங்கியது. ரோசியின் சொல்லை நம்பி முப்பது வீடுகள் பிள்ளைகளை அனுப்பின. லியோனார்ட் தேறி, கூடப் படித்த தண்டையார்பேட்டை ரஹீமோடும் வேறு சில பிள்ளைகளோடும் ஒரே கப்பலில் ஏறினான். ஐம்பத்தைந்து கார்த்திகையில் அந்தக் கப்பல் புயலில் உடைந்தது. ரஹீம் ரோசியைப் பார்க்க வந்து, வாசற்படியிலேயே நின்றான்.

"படகு நேரா எறங்குச்சா?" என்று ரோசி கேட்டாள்.

"எறங்குச்சும்மா. எல்லாரும் பொழச்சோம். மேல நின்னு கயித்த வுட்டது அவன்தான். அவன் எறங்கறதுக்குள்ள கப்பல் சாஞ்சிடுச்சு."

அன்றைக்குத் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. பிழைத்த பிள்ளைகளின் தாய்மார்கள் ஒவ்வொருத்தராக வந்து, சேலை நனைய அவள் பக்கத்தில் நின்றார்கள். அவள் அழவில்லை, அவர்களைப் போகச் சொல்லவும் இல்லை.

சங்கரநாராயணன் கடைசியாக வந்தார். வகுப்பை மூடிவிடச் சொல்லி எழுதப்போவதாகச் சொன்னார்.

"மூடாதீங்க சார்," என்றாள் ரோசி. "மேல நிக்கிறவன் எப்டி எறங்கறதுன்னும் கத்துக்குடுங்க."

அந்தப் பாடம் அடுத்த வருஷத்திலிருந்து சேர்ந்தது. ரோசி கட்டிலுக்கு அடியில் இன்னும் இரண்டு வரிசைச் செங்கல் வைத்தாள். மாதவரத்துப் பால்காரர் உள்ளே வருவதில்லை. செம்பை ஒரு பலகைமேல் வைத்து வாசலிலிருந்து தள்ளிவிடுவார். கடல் வற்றத்தில் தண்ணீர் வாசல் பக்கமாக இழுக்கும் காலைகளில் மட்டும் கொஞ்சம் தாமதமாக அது அடுப்படிக்குப் போய்ச் சேரும்.