கடிகாரமில்லாத வரிசை

மேனேஜர் துரை எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அம்மா வாசலிலேயே நின்றாள். வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடமாக அவள் நிற்கும் இடம் அது. எனக்கு மட்டும் தேநீர் வந்தது. குடித்தேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த முதல் எஞ்சினியர் என்று என்னை வரவழைத்திருந்தார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கேட்க ஒரு ஆள் கிடைத்த பெருமையில் கொட்டிவிட்டேன். சாதாரணக் கணினிச் சில்லுக்குள் ஒரு கடிகாரம் துடிக்கும். எல்லாப் பகுதிகளும் அந்தத் துடிப்புக்குத்தான் அசைய வேண்டும், சீக்கிரம் முடித்தது சும்மா காத்திருக்கும். என் மின்சுற்றுகளில் கடிகாரமே கிடையாது. ஒரு பகுதி வேலையை முடித்ததும் 'முடிந்தது' என்று சொல்லும், அடுத்தது தொடங்கும். ஒரே கூட்டல்கூட, வந்த எண்ணைப் பொறுத்து ஒரு தடவை சட்டென்று முடியும், இன்னொரு தடவை இழுக்கும். இழுத்தால் இழுக்கட்டும் என்று இடம் விட்டு, எதற்குப் பின் எது என்று வரிசை போடுவதுதான் என் வேலை.

அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். முகம் மலர்ந்துவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் அப்படி ஒரு வரிசை போட்டுத் தர வேண்டுமாம். மலை ஏறுவது, பறிப்பது, நிறுவைக்கு வருவது, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம். பதிலுக்கு அம்மாவை மலையிலிருந்து இறக்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் போட்டுவிடுவாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பற்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்ததும், "நான் செய்ய மாட்டேம்மா" என்றேன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது; படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவாள். நின்றாள்.

"ஒனக்கு நோகுதா, எனக்கு நோகுதா?"

அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்தேன். ஆபீசிலிருந்து அனுப்பிய படிவத்தில் ஒரு வேலைக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரே எண். அம்மா முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தபடி ஒவ்வொரு வேலைக்கும் நிமிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது கட்டத்தில் எனக்குக் கேட்க வாய் வரவில்லை. மலையில் கக்கூஸ் கிடையாது. பெண்கள் தேயிலைச் செடிக்குப் பின்னால்தான் போகிறார்கள். அதற்கும் நிமிடம் கேட்டிருந்தார்கள்.

"என்னடி, ஒதுங்குறதுக்கா?" அம்மா வெட்கப்படக்கூட இல்லை. நன்றாக யோசித்து, சரியாகச் சொல்லப் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "வெயில்னா நாலு நிமிசம். மழைன்னா ஆறு, ஏழு ஆகும், கால்ல ஏறுன அட்டைய புடுங்கிட்டுல்ல வரணும். பக்கத்துக் காம்பரா வேலாயிக்கு மட்டும் கூடப் போடு. பாவம், சீனி வியாதி, அடிக்கடி போவா."

"எல்லாருக்கும் சேத்து ஒரு நம்பர்தாம்மா போட முடியும்."

"கூடப் போட்டா?"

"தொரை திருப்பி அனுப்பிருவாரு."

அம்மா தன் முழங்காலைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் வேலாயி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாலே போட்டுரு" என்றாள், குரலைத் தாழ்த்தி.

நாலு என்று அடித்தேன். அம்மா துணியைப் பிழிந்து மறுபடி முழங்காலில் வைத்தாள்.