ஜெஸ்டன் கடைசியாகச் சொன்னது

1

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆம்பூரில் ஜெஸ்டனை அடக்கம் செய்த அன்று, அவர் மனைவி சலோமியிடம், "வலியே தெரியாம போய்ட்டாரும்மா" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தோல் ஆலையின் கழிவுநீர்த் தொட்டிக்குள் மோட்டாரைப் பார்க்க இறங்கினார், விஷவாயு தாக்கியது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இருந்தாலும் சொன்னேன். சலோமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னை எழுத உட்காரவைத்தது. மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'பாலாற்றின் வறண்ட மணலில் மாலை வெயில்…' (அடித்துவிட்டேன். அவள் பாலாற்றுப் பக்கமே போகவில்லை.)

இரண்டாவது: 'சலோமி அழவே இல்லை…' (பொய். அழுதாள். நான்காம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லித்தரும்போது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு.)

சரி, நேராகவே சொல்கிறேன்.

நான்கு மாதமாக எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். கர்த்தரின் சித்தம் என்றார் போதகர். நாத்தனார் தினமும் காலையில் பூப்படம் போட்ட பைபிள் வசனம் அனுப்பினாள். ஆலைக்காரர்களின் அறிக்கை 'உடனடி மரணம்' என்றது. இதையெல்லாம் நம்பிவிட அவளுக்கும் ஆசைதான். நம்பினால் தூங்கலாம். ஆனால் சவப்பெட்டியை மூடுவதற்குமுன் ஜெஸ்டனின் கையைப் பிடித்திருந்தாள். நகங்கள் பிய்ந்திருந்தன. உடனே செத்தவருக்கு நகம் ஏன் பிய்கிறது?

3

அன்று தொட்டியின் மேலே நின்றவர் சமீருல்லா. அதன்பின் வேலையை விட்டுவிட்டுப் பேரணாம்பட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு சனிக்கிழமை பகலில் சலோமி அங்கே போய், அவர் ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணி! எங்க போவணும்?"

"எங்கயும் இல்ல பாய். அன்னிக்கு இன்னா நடந்துச்சு?"

அவர் திரும்பவில்லை. "ஒண்ணும் கஷ்டப்படல அண்ணி. 'சலோமி, சலோமி'ன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. அப்டியே தூங்கிட்டாரு."

(இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தால் கதை எவ்வளவு நன்றாக இருக்கும்! வைக்கவும் செய்தேன். சலோமி விடவில்லை.)

"அவரு என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல பாய். வாத்தியாரேன்னுதான். கொழம்புல உப்பு கம்மியா இருந்தா, 'இன்னா வாத்தியாரே, உப்பு இன்னிக்கு லீவா?'ம்பாரு."

ஆலையில் ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதினால் இன்றைக்கும் அவள் கை இரண்டு டம்ளரைத்தான் எடுத்து வைக்கிறது.

சமீருல்லா ஹேண்டில்பாரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"கத்துனாரு அண்ணி. ரொம்ப நேரம். செவுத்தப் பிராண்டுனாரு. கயிறு இல்ல, மாஸ்க் இல்ல. நான் ஏணில ஒரு கால வச்சேன். அப்புறம்… எடுத்துட்டேன்."

"இன்னான்னு கத்துனாரு?"

"'எறங்காத பாய், நீயும் போய்டுவே'ன்னு."

4

அவர்தான். அப்படியே அவர்தான். சலோமிக்கு ஜெஸ்டனின் குரல் காதில் விழுந்தது. நான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. கண்ணை மூடி, அதை இன்னும் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள். 'கேக்க நல்லா இருக்குதே. அதனாலயே பயமா இருக்குது.'

(நானும் இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்தேன். காலை எடுத்துக்கொண்ட ஒரு மனிதர், தனக்காகச் செய்துகொண்ட ஆறுதலாகவும் இது இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். எழுதிய எனக்கே தெரியவில்லை.)

"செவ்வாக்கெழம வேலூர்ல விசாரணை," என்றாள். "கயிறு இல்லாதத, அவரு ரொம்ப நேரம் கத்துனத, அங்க வந்து சொல்வீங்களா? நீங்க கால எடுத்தத கூட?"

5

முடிவு ஒன்று: சமீருல்லா 'வர்றேன்' என்கிறார். (நான் நிம்மதியாக இருப்பதற்காக எழுதியது.)

முடிவு இரண்டு: ஒன்றும் பேசாமல் அவளைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுகிறார். (என்னைக் கறாரான எழுத்தாளன் என்று நீங்கள் நினைப்பதற்காக எழுதியது.)

இரண்டையும் கிழித்துவிட்டேன். மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: பை நிறையக் காய்கறியோடு ஒரு பெண்மணி வந்து, "பஸ் ஸ்டாண்ட் போவுமா?" என்று கேட்டாள். "போவாதும்மா" என்று அவளை அனுப்பிவிட்டு, சமீருல்லா முதல்முறையாகப் பின்பக்கம் திரும்பி சலோமியை நேராகப் பார்த்தார்.

இனி அவர் சொல்லப்போவதை நீங்கள் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்ததையே அவர் சொல்லிவிட்டால், இன்னொரு தடவை கேளுங்கள்.