நாற்பத்தோரு பேர்

வாசலில் போலீஸ் புல்லட் வந்து நின்ற சத்தத்தில் வரவேற்புப் பாட்டு இரண்டாவது அடியிலேயே நின்றுவிட்டது. ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டைப் பார்த்தார்கள். வேப்பமரத்தில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தவன் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பினான்.

எமிலியானா பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போலீஸ் வருவது புதிதல்ல. வருஷத்துக்கு ஒரு முறை சாலைப் பாதுகாப்பு வாரத்தில் வந்து பேசிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் ஏட்டு கிதர் முகம்மது இன்று பேச வந்தவராகத் தெரியவில்லை. அவர் கையில் ஒரு புத்தகப் பை இருந்தது. அதன் வார் அறுந்திருந்தது.

தலைமையாசிரியை சகாயராணி சிஸ்டரின் அறையில் அவர் உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். காலை பத்தே முக்கால் மணிக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணின் மேல் மணல் லாரி ஏறிவிட்டது. உடம்பு பெரியாஸ்பத்திரியில் இருக்கிறது. ஊதாப் பாவாடை, வெள்ளைத் தாவணி, ரவிக்கையில் இந்தப் பள்ளியின் பேட்ஜ். நோட்டு அட்டையில் பெயர் எழுதியிருக்கிறது: பொ. பாண்டிமீனா, பத்தாம் வகுப்பு பி.

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். பத்து பி-யின் பக்கத்தைத் திருப்பி ஏட்டின் பக்கம் நகர்த்தினார். நாற்பத்தோரு பெயர்கள் இருந்தன. பாண்டிமீனா இல்லை. அந்தப் பெண் ஜனவரி எட்டாம் தேதியே பள்ளியை விட்டு நின்றுவிட்டாள், இப்போது எங்கள் மாணவி இல்லை என்றார்.

"உடுப்பு உங்க உடுப்பு. பேட்ஜு உங்க பேட்ஜு. புள்ள மட்டும் உங்க புள்ள இல்லீங்களா சிஸ்டர்?" என்றார் கிதர் முகம்மது.

சிஸ்டர் பதிவேட்டை மூடினார். வகுப்பாசிரியை ஐரினைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஐரின் கணக்கு டீச்சர். பதினோரு வருஷமாக இதே பள்ளி. செய்தியைக் கேட்டதும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்து அந்தப் பெண்ணுடையதுதானா என்று பார்த்துச் சொல்லும்படி ஏட்டு நோட்டை நீட்டினார். அவள் பிரித்துப் பார்த்தாள்.

பெயர் நீக்கிய மறுநாளிலிருந்து நேற்றுவரை ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருந்தது. தேதிக்குக் கீழே பாடவேளைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. முதல் பாடவேளை தமிழ். இரண்டாவது கணக்கு. கணக்கில் பாண்டிமீனா எப்போதும் செய்யும் அதே தப்பு, கழித்தல் குறியை விட்டுவிடுவது. அந்த இடத்தில் அவளே சிவப்பு மையால் தப்புப் போட்டு, பக்கத்தில் திரும்பவும் செய்து பார்த்திருந்தாள்.

கையெழுத்து அவளுடையதுதான் என்றாள் ஐரின்.

ஏட்டு நோட்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தார். போகும்போது தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். பள்ளி நேரத்தில் உடுப்போடு ஒரு பெண் கோட்டை அடிவாரத்தில் நின்றால் ஊர் என்ன பேசும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் யமஹாவில் இரண்டு பையன்கள் நின்றதாக ஒருவன் சொல்கிறான், கண்ணால் பார்த்தது யாரென்று கேட்டால் ஆள் இல்லை. பெண்ணின் மாமன் ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று, அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போய்விட்டது. பள்ளி என்ன சொல்கிறதோ அதைத்தான் தான் எழுத முடியும்.

புல்லட் போனபிறகு சிஸ்டர் கதவைச் சாத்தினார். விழா நடக்கும் என்றார்.

அன்று பத்தாம் வகுப்புக்குப் பிரிவு உபசார விழா. ஆனால் சிஸ்டரின் கவலை அதைப் பற்றியது இல்லை. திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. பள்ளி தொடங்கி நாற்பத்திரண்டு வருஷம். பத்தாவது முடித்த பெண்களில் பாதிப் பேர் அதோடு நின்றார்கள். மில்லுக்குப் போனார்கள், இல்லையென்றால் கல்யாணம். பிளஸ் டூ இங்கேயே வந்துவிட்டால் இந்தப் பிள்ளைகளின் கதையே மாறிவிடும் என்று சிஸ்டர் உண்மையாகவே நம்பினார். தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி காட்டினால் கோப்பு நகரும் என்று யாரோ ஒரு அதிகாரி சொல்லியிருந்தார். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நூறு வந்தது. தேறாத பிள்ளைகளை ஜனவரியிலேயே எடுத்துவிட்டதால் வந்தது.

போன வருஷம் இரண்டு பேர். அதற்கு முன் மூன்று பேர். அக்டோபரில் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புவார்கள். இந்த வருஷம் ஒரே ஒருத்தி. அரையாண்டில் கணக்கில் பதினொன்று, அறிவியலில் பத்தொன்பது.

பிளஸ் டூ வந்தால் கணக்குக்கு ஒரு முதுகலை ஆசிரியர் வேண்டும். ஐரின் எம்.எஸ்.சி. முடித்திருந்தாள். அந்த இடம் அவளுக்குத்தான் என்று சிஸ்டர் போன கிறிஸ்துமஸுக்கே சொல்லிவிட்டார்.

அறையை விட்டு வெளியே வந்த ஐரினை மாடிப்படிக்குக் கீழே ரிஃபாத் வழிமறித்தாள். பத்து பி-யில் முதல் பெஞ்ச். பாண்டிமீனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர், அவ எவங்கூடயும் சுத்தல. கோட்டைக்குக் கீழ மரத்தடியில உக்காந்து படிப்பா. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல என் நோட்ட வாங்கி எழுதிட்டுத்தான் வடமதுரை பஸ் ஏறுவா. பேரு எடுத்தது அவ அம்மாவுக்குத் தெரியாது டீச்சர். சொன்னா மில்லுல சேத்துவிட்டுருவாகன்னு பயந்தா."

யாரிடமாவது சொன்னாயா என்று ஐரின் கேட்டாள். சத்தியம் வாங்கியிருந்தாள் என்றாள் ரிஃபாத். ஐரின் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவவிட்டாள்.

மூன்று மணிக்கு விழா தொடங்கியது. பாட்டு பாடினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ரோஜாப்பூ கொடுத்தார்கள். மந்தார இலையில் கேசரியும் மிக்சரும் வைத்தார்கள். பத்து பி-யில் பாதிப் பேர் தொடவில்லை. சிஸ்டர் மைக்கைப் பிடித்து, வழக்கம்போலப் பள்ளிச் செய்திகளைச் சொன்னார். திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது, அனைவரும் துவைத்த உடுப்பில் வர வேண்டும். ஜூன் மாதம் இறைவன் சித்தமானால் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும், இரண்டு பிரிவுகள். தையல் டீச்சர் பணி ஓய்வு பெறுகிறார். நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் இன்று சாலை விபத்தில் இறந்துவிட்டார், அவருடைய ஆன்மாவுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

முன்னாள் மாணவி என்றதும் ரிஃபாத் ஐரினைத் திரும்பிப் பார்த்தாள். ஐரின் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது சோலையம்மாள் வந்தாள். பாண்டிமீனாவின் அம்மா. புளியமரத் தோப்புக்குப் புளி உடைக்கப் போயிருந்தவளை அப்படியே கூட்டிவந்திருந்தார்கள். விரலிடுக்கில் கறை போகவில்லை. கூடவே அவளுடைய அண்ணன், ஏட்டு சொன்ன மாமன். தலைமையாசிரியை அறையில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. அண்ணன் மட்டும் உட்கார்ந்தார்.

பேச ஆரம்பித்தவர் அவர்தான். பிள்ளையின் அப்பா பொன்னழகு பாலக்காட்டில் கிணறு வெட்டும் வேலைக்குப் போயிருக்கிறார், தகவல் சொல்லியாயிற்று, காலையில் வந்துவிடுவார். ஆனால் உடம்பை ஊருக்குள் கொண்டுபோவதாக இல்லை. சொந்தபந்தம் கூடிப் பேசி, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு என்று முடிவாகிவிட்டது. தண்ணி ஊற்றுவது, மாலை போடுவது, எதுவும் கிடையாது. கெட்டுப்போன கழுதைக்கு எதற்கு அதெல்லாம் என்று வாய்விட்டே சொன்னார். வீட்டில் இன்னொரு பெண் வேறு இருக்கிறதே என்றார்.

சோலையம்மாள் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நான் சண்டைக்கு வரல சிஸ்டரம்மா," என்றாள். "காலைல சோத்தக் கட்டிக் குடுத்து நானேதான் பஸ் ஏத்திவிட்டேன். பத்தே முக்காலுக்குக் கோட்டைக்கிட்டக் கிடந்திருக்கு. பள்ளிக்கொடத்துல இருந்து எப்பக் கிளம்புச்சு, எதுக்குக் கிளம்புச்சு, அதை மட்டும் சொல்லுங்க. எவங்கூடவோ போச்சுன்னு அம்புட்டுப் பேரும் சொல்றாக. நீங்க ஒரு வார்த்த சொன்னா எம் புள்ளய வீட்டுக்குக் கொண்டுபோயிருவேன்."

சிஸ்டர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, நிதானமாகச் சொன்னார். பாண்டிமீனா இன்று பள்ளிக்கே வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாகவே வரவில்லை. அவளுடைய அப்பாவே கேட்டுக்கொண்டதால் பெயரை நீக்கிவிட்டார்கள்.

சோலையம்மாளுக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆனது. ஒரு மாதமாகக் கட்டிக் கொடுத்த சோறு எங்கே போனது என்று அவள் அண்ணனைக் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிஸ்டர் பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளின் படிப்பைத் தொடர இயலவில்லை, பெயரை நீக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பொன்னழகு. பெயருக்கு மேலே ஊதா மையில் ஒரு கைரேகை.

அண்ணன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். சோலையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் ரேகையை மட்டும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரு வச்சது இல்ல," என்றாள். "அவரு எட்டாப்பு வரைக்கும் படிச்சவரு. மாசம் ரெண்டு கடுதாசி போடுவாரு. ரேசன் கடையில கூடக் கையெழுத்துத்தான் போடுவாரு."

வெளியே ஷாமியானாவை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் காகிதத்தை மேஜைமேல் எறிந்தார். "அப்ப எவன் கையையோ வாங்கி வச்சுக் குடுத்து எல்லாரையும் ஏமாத்திருக்கா. இன்னும் என்ன வேணும் உனக்கு? எந்திரிச்சு வா." அவள் உட்காரவே இல்லை என்பது அவருக்கு நினைவில்லை.

சிஸ்டர் ஐரினை ஒரு தடவை பார்த்தார். இந்தக் கடிதம் எப்படி வந்தது என்று அவர் பெயரை நீக்கிய அன்றும் கேட்கவில்லை. பெயர்ப்பட்டியல் ஐந்து மணிக்குள் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். இப்போது, பிள்ளைகள் சில சமயம் அப்படியும் செய்துவிடுவதுண்டு, நாம் ஜெபிக்கத்தான் முடியும் என்றார்.

சோலையம்மாள் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அண்ணன் முன்னால் நடக்க, அவள் பின்னால் வாசல்வரை போய்விட்டாள்.

ஐரின் போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். சிஸ்டர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"உங்க புள்ள எவங்கூடயும் போகலம்மா. இங்க வராதன்னு நாங்கதான் வெளிய அனுப்புனோம். அது அவ ரேகைதான். உங்க வீட்டுக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சு, நான்தான் அவ விரலப் புடிச்சு வச்சேன்."