கேமராவில் பாதிக் கிணறு

என் வீட்டுக்காரருக்குக் கூலி கொடுத்து எதையும் செய்துகொள்ளப் பிடிக்காது. ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவனை எந்தக் கடைக்காரனும் ஏமாற்ற முடியாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. வாரம் ஒருநாள் ஊருக்கு வருவார். வந்ததும் மிக்ஸியைப் பிரிப்பார், இஸ்திரிப் பெட்டியைப் பிரிப்பார். பிரித்ததில் பாதி திரும்பச் சேரும், மீதி ஒரு டப்பாவில் கிடக்கும். பெயர் ரஞ்சித்குமார். நான் நிர்மலா. வாய் கொஞ்சம் அதிகம் என்று மாமியார் உயிரோடு இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் நிலம் இண்டூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பாகம் பிரித்தபோது வீடு பிரிந்தது, நிலம் பிரிந்தது, மாமரம்கூட இத்தனை உனக்கு இத்தனை எனக்கு என்று பிரிந்தது. கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. கிழக்குக் கரையில் எங்கள் மோட்டாரும் மோட்டார் ரூமும். மேற்குக் கரையில் என் வீட்டுக்காரரின் அண்ணன் மாயவனின் மோட்டார். இறங்குகிற படியும் அந்தப் பக்கம்தான். கரண்டு இணைப்பு ஒன்றே ஒன்று, செத்துப்போன மாமனார் பேரில். அதனால் ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. அண்ணன் தம்பிக்குள் மிச்சமிருந்த பேச்சுவார்த்தையும் அந்த முறையை ஒட்டித்தான். 'மோட்டார நிறுத்திட்டேன்டா', 'சரிண்ணா'. அவ்வளவுதான். அதுவும் நின்றுவிடக் கூடாதே என்பதுதான் எனக்குப் பயம். ஏனென்றால் என் வீட்டுக்காரரைத் தோளில் தூக்கி வளர்த்து, ஐடிஐ படிக்கவைத்து, ஓசூர் பஸ் ஏற்றிவிட்டவர் மாயவன் மாமாதான்.

மாசி மாதத்தில் ஒருநாள் கிணற்று மேட்டில் இருந்த செம்பு ஒயரை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு மோட்டாரின் ஒயரும் போச்சு. அந்தப் பக்கத்தில் ஏழெட்டுக் கிணற்றில் அப்படி நடந்திருந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குக் கேமரா ஆசை பிடித்தது.

தர்மபுரியில் ஒரு கடையில் விசாரித்தார். வீட்டுக்கு மூன்று, கிணற்றுக்கு ஒன்று, பதிவாகிற பெட்டி, ஹார்டு டிஸ்க், ஒயர், மாட்டுகிற கூலி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம் என்றார்களாம். எங்களிடம் இருந்தது சீட்டு எடுத்ததில் மிஞ்சிய பதினைந்தாயிரம்.

"மாட்டற கூலியே கேமரா வெலைக்கு வருது. யூடியூப்ல பாத்தா சின்னப் பசங்களே மாட்டறானுங்க" என்று ஆரம்பித்தார்.

அன்று மத்தியானச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து போனில் கூட்டுவதும் கழிப்பதுமாக இருந்தார். ஒரு மாதப் பதிவு என்னத்துக்கு, பத்து நாள் போதும் என்று ஹார்டு டிஸ்க்கைச் சின்னதாக்கினார். பின்வாசலில் என்ன இருக்கிறது, அடுப்புச் சாம்பல்தானே என்று ஒரு கேமராவைக் குறைத்தார். வீட்டிலிருந்து கிணற்றுக்கு ஒயர் இழுக்கக் கணக்குப் போட்டபோது அவர் முகம் தொங்கிப்போனது.

"சுண்டைக்காய் கால் பணம், சொமகூலி முக்கால் பணம்" என்றேன்.

"வாய மூடிட்டுக் கொழம்ப ஊத்து."

கடைசியில் கிணற்றுக்கு மட்டும் சிம் போடுகிற கேமரா, கூடவே சோலார் தகடு என்று முடிவானது. தென்னை மரத்தில் கட்டிவிட்டால் ஓசூரில் இருந்தே பார்க்கலாம். அது ஒன்றே நாலாயிரத்துக்கு மேல். மறுபடியும் பட்ஜெட் எகிறியது. தட்டில் சோறு காய்ந்துவிட்டது. திடீரென்று நிமிர்ந்து, "கெணறு ரெண்டு பேருக்குந்தான? அண்ணன் பாதி குடுக்கட்டும்" என்றார்.

"கேக்காதீங்க" என்றேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அண்ணன் தம்பிக்குச் சொல்லவே வேண்டாம். அந்த வருஷம் தக்காளி விலை இல்லாமல் மாமா செடியோடு மாட்டுக்கு விட்டிருந்தார். அவரிடம் ஏது பணம்? இவர் என் பேச்சைக் கேட்கவில்லை. போய் நின்றுவிட்டார்.

மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். "எனக்கு ரெண்டு கண்ணு இருக்குதுடா. நான் அங்கியேதான படுத்துக்கறேன். ஒனக்கு வேணும்னா வெச்சிக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பினார். பணத்தை முழுக்க அவரே போட்டார். வாசல் கேமராவுக்கு வாங்க நினைத்த நல்ல லென்ஸை விட்டுவிட்டு மட்டமானதை வாங்கினார். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு ஆறவே இல்லை.

கேமரா வேலை செய்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். அவர் பிரித்துச் சேர்த்ததில் ஒழுங்காக ஓடியது அது ஒன்றுதான். ஓசூரில் டீ குடிக்கிற நேரத்தில் எல்லாம் கிணற்றைப் பார்ப்பார். ஏதாவது அசைந்தால் போனில் மணி அடிக்கும். தென்னை மட்டை ஆடினாலும் அடிக்கும், காக்கா உட்கார்ந்தாலும் அடிக்கும். "பூன தாண்டுது", "நாய் படுத்திருக்குது" என்று எனக்குச் சேதி அனுப்புவார். என்னிடம் அத்தனை பேச்சு அவர் கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை.

ஒருநாள் அவர் பார்த்தபோது எங்கள் முறை நாளில் மாமாவின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் தப்பு எதுவும் இல்லை, முந்தின நாள் அவர் முறையில் கரண்டு போயிருந்தது. தன் முறையில் கரண்டு போய்விட்டால் மறுநாள் காலையில் அந்த நேரத்தை ஓட்டி ஈடுகட்டிக்கொள்வது அங்கே வழக்கம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, சொல்வதில்லை. நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம். கிணற்றடியில் நின்றிருந்தால் இவருக்கும் அது தோன்றியிருக்கும். ஓசூரில் நின்று போனில் பார்த்தவருக்குத் தோன்றவில்லை. உடனே மாமாவுக்குப் போன் போட்டு, "அண்ணா, இன்னிக்கி எங்க மொறையாச்சே?" என்று கேட்டுவிட்டார்.

மாமா மோட்டாரை நிறுத்திவிட்டார். சாயந்தரம் அவர் மனைவி கோவிந்தம்மாள் அக்கா எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"திருடனப் புடிக்க வெச்சதுன்னு நெனச்சமே நிர்மலா. எங்களப் புடிக்கத்தான் வெச்சீங்களா?"

 வாய் அதிகம் என்று பேர் எடுத்தவள், அன்று 'உள்ள வாங்கக்கா' என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் கிணற்று மேட்டில் நேருக்கு நேர் நின்றார்கள்.

"இதுவரைக்கும் ஒங்கிட்டக் கேட்டா தண்ணி எடுத்தேன்? எம் பங்கப் பாக்காதடா. அந்தக் கண்ண அந்தாண்ட திருப்பு" என்றார் மாமா.

"நீ சொல்லலன்னாலும் திருப்பத்தான் போறேன். காசு குடுக்காதவங்க பங்க நான் எதுக்குக் காவல் காக்கணும்?"

இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை எங்கேயாவது கேட்டதுண்டா? நிலத்தைப் பிரித்தார்கள், மரத்தைப் பிரித்தார்கள், அன்றைக்குக் கேமராவில் தெரிகிற படத்தையும் பிரித்தார்கள். இவர் ஏணி போட்டுத் தென்னை மரத்தில் ஏறினார். போன் என் கையில். மாமா தன் பக்கத்துப் படியில் போய் நின்றுகொண்டார். அளவு பார்க்கவாம்.

"தெரியறாரா?" என்று மேலிருந்து கேட்டார்.

"தெரியறாரு."

"இப்ப?"

"பாதி தெரியறாரு. தோளு தெரியுது."

"இன்னுங் கொஞ்சம் திருப்பு" என்று மாமாவே கையைக் காட்டினார். "ஒழுங்காத் திருப்புடா. அப்பறம் ஒரு பேச்சு வரக் கூடாது."

போனில் மாமாவின் தோள் போனது, கை போனது. கடைசியில் எங்கள் மோட்டார் ரூமின் வெள்ளைச் சுவரும் பாதிக் கிணறும் மட்டும் இருந்தன.

"இப்ப?"

"தெரியல" என்றேன்.

இவர் திருகாணியை முறுக்கிவிட்டு இறங்கினார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு 'மோட்டார நிறுத்திட்டேன்டா' என்பதும் நின்றுபோனது. நான் பயந்தது நடந்துவிட்டது, இதற்கு மேல் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஆடி பிறந்ததும் ஒருநாள், மாமாவின் முறை. சாயந்தரம் கரண்டு வந்து மோட்டாரைப் போட்டிருக்கிறார். தண்ணீர் ஏறவில்லை. அடியில் இலை அடைத்துக்கொண்டால் மேல்படியில் நின்று பைப்பைப் பிடித்து ஆட்டுவார்கள். எத்தனையோ தடவை செய்த வேலைதான். படியில் பாசி. கோவிந்தம்மாள் அக்கா பென்னாகரத்தில் மகள் தேவிப்பிரியா வீட்டுக்குப் போயிருந்தார். நான் வீட்டில்தான் இருந்தேன், துணி மடித்துக்கொண்டு. கிணற்றிலிருந்து கத்தினால் வீட்டுக்குக் கேட்காது. ஆனால் ஓடினால் மூச்சு வாங்குவதற்குள் போய்விடலாம். ஓசூரிலிருந்து இவர் ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

இருட்டுகிற நேரத்தில் மாடு கட்டப் போன பக்கத்து நிலத்து மாதையன்தான் பார்த்துவிட்டு ஓடிவந்தார். மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்ததாம், வாய்க்காலில் தண்ணீர் இல்லையாம். ஆள்கள் இறங்கித் தூக்கினார்கள். தலையில் பட்ட அடி பெரிதில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மயக்கத்தில் தண்ணீர் குடித்துத்தான் உயிர் போயிருக்கிறது.  சின்ன அடி என்றால், உடனே ஆள் போயிருந்தால் உயிரோடு எடுத்திருக்கலாம் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது.

காரியம் முடிந்த அன்று சொந்தபந்தமெல்லாம் கிளம்பிப் போனபின் கோவிந்தம்மாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பொட்டில்லாத அந்த நெற்றியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"தம்பி, அந்தப் படத்த எனக்குக் காட்டுங்க."

"அண்ணி, அதுல ஒண்ணுமில்லிங்க. அண்ணன் பக்கந்தான் தெரியாதே" என்றார் இவர்.

"இருக்கறதக் காட்டுங்க."

இவர் அதை அழித்துவிட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். அழிக்கவில்லை. போனில் தனியாக எடுத்து வைத்திருந்தார். எத்தனை தடவை பார்த்தாரோ, அவருக்கே வெளிச்சம். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னக் கண்ணாடிக்கு மேல் குனிந்தோம்.

எங்கள் மோட்டார் ரூமின் வெள்ளைச் சுவர். சாயந்தர வெயில் மேற்கே இருந்து நேராக அடிக்கிறது. ஆள் தெரியவில்லை. ஆனால் கிணற்றைத் தாண்டி வந்து அந்தச் சுவரில் ஒரு நிழல் விழுந்திருந்தது. தலையில் துண்டு கட்டிய நிழல். குனிகிறது, நிமிர்கிறது, பைப்பை ஆட்டுகிறது. ஒரு கை உயரத் தூக்கியது தெரிந்தது. பிறகு சுவர் வெறும் சுவராக இருந்தது.

அக்கா சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"அப்ப மணி அடிச்சிதுங்களா தம்பி? அசஞ்சா அடிக்கும்னு நிர்மலா சொல்லுவா."

"அடிச்சிது அண்ணி." என் வீட்டுக்காரரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "எடுத்துப் பாத்தேன். நெழலு மட்டுந்தான் தெரிஞ்சிது. அண்ணன் தண்ணி கட்டறாருன்னு... அவரு மொறையாச்சே, நமக்கென்னன்னு வெச்சிட்டேன்."

"வுழுந்தத?"

"அதுக்கு முன்னாடியே வெச்சிட்டேன் அண்ணி."

அப்படிச் சொன்னவர் அண்ணியின் காலைப் பார்த்தபடியே நின்றார். அழத் தெரியாத மனுஷன்.  எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது அதிகம் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அக்கா கேள்வியை என் பக்கம் திருப்பினார். சண்டைக்குக் கேட்கிற குரல் அல்ல அது. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"நாங்க அந்தப் பாதிக் காசக் குடுத்திருந்தா, அவரு வுழுந்தது இதுல தெரிஞ்சிருக்குமா நிர்மலா?"

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பொய் சொல்லிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் மாமா படியில் நின்று, இன்னும் கொஞ்சம் திருப்பு என்று கை காட்டியபோது, போனைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொன்னவள் நான்தான்.

"தெரிஞ்சிருக்கும்க்கா" என்றேன்.