கடுகளவு வெளிச்சம்

நோட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டால் வேலை நிரந்தரம். அடிக்காவிட்டால், ஏழு வருஷம் பாடம் நடத்திய பாளையங்கோட்டைப் பள்ளியை விட்டு இன்பமணி வெளியேற வேண்டியதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் வாத்தியாரம்மாக்களுக்கும் செய்முறைப் பரீட்சை வைத்துவிட்டார்களே, என்ன செய்ய?

பரீட்சகர் சிவசைலம் பிள்ளை அவள் நோட்டைப் படித்தார். முப்பட்டைக் கண்ணாடிக்குள் சாய்வாக நுழையும் ஒளி, அடிப்பக்கத்தில் பட்டு முழுக்கத் திரும்பும். கேட்டது அவ்வளவுதான். இவள் கூடவே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘அந்த அடிப்பக்கத்தில் படாமல் மிக நெருக்கமாக இன்னொரு கண்ணாடியை வைத்தால், கொஞ்சம் ஒளி இடைவெளியைத் தாண்டி அதற்குள் போய்விடுகிறது.’

“புத்தகத்துல இது இல்லையே. அடிச்சிருங்கம்மா, பாஸ் போட்டுருதேன்.”

“புத்தகத்துல இல்லாட்டா என்ன ஐயா? கண்ணால பாத்தேன்லா.”

“தொட்டிருக்கும். தொடாம எப்படிப் போகும்?”

இன்பமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் கண் பூத்துப்போகப் பார்த்தவள் அவள். ஒரு தடவை குனிந்து பார்க்க இந்த மனுஷனுக்கு இடுப்பு வளையவில்லையே! அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, புடைத்த வில்லையை முப்பட்டையின் அடிப்பக்கத்தில் பைய அழுத்தினாள். வெள்ளித்தட்டாய் மின்னிய பரப்பில் கடுகளவு கறுப்புப் புள்ளி விழுந்தது. அங்கே திரும்ப வேண்டிய வெளிச்சம் வில்லைக்குள் போய்விட்டது.

“பாருங்க ஐயா. வில்லை வளைஞ்சிருக்கு, தொடுத இடம் ஊசிமுனைதான். புள்ளி கடுகுத்தண்டி இருக்கு. சுத்தி உள்ளது தொடாமத்தானே தாண்டுது?”

கண்ணாடி இல்லாத கண்ணுக்கு என்ன தெரியும்? “ஒண்ணும் தெரியலையே” என்றார் பிள்ளை.

கதவோரம் நின்ற கிழட்டுச் சேவகர் பூதத்தான் வந்து குனிந்தார். “கறுப்பா இருக்கும்மா. அழுத்துனா பெருசாவுது.”

“நீரு சும்மா இரும் வே” என்று பிள்ளை கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். சிவப்பு மையால் அந்த வரியைத் தாமே அடித்து, ‘பாஸ்’ என்று எழுதி நோட்டை நீட்டினார். பிச்சை போட்டவர் மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

இன்பமணி பேனாவை எடுத்தாள். அடித்த வரியின் கீழே அதே வரியை எழுத்து மாறாமல் எழுதினாள். அதன் கீழ், உரக்கப் படித்துக்கொண்டே, ‘கண்டவர்கள்: இன்பமணி, பூதத்தான்’ என்று எழுதினாள்.

“இப்ப மார்க்கைப் போடுங்க ஐயா.”

பிள்ளை ‘பாஸை’ அடித்துச் சைபர் போட்டார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பூதத்தானுக்கு எழுத்துத் தெரியாது. “இதுல என் பேரு எதும்மா?” என்று கேட்டார். அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

“அதை அவரு அடிக்கலையே?”

“அடிக்கல” என்றாள் இன்பமணி.